126ஆம் பக்கத்தில் வந்த கலெக்டர்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 27 வயது. பந்தலூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டிரையரில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். இரண்டு வருடமாக எழுதி ஒரு திரைக்கதையை முடித்திருக்கிறேன். தோட்டத்தில் 31 வருடம் கொழுந்து பறித்த அம்மா ரிடையர் ஆகிறார். மூன்று மாதத்துக்குள் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தால்தான் பணிக்கொடைப் பணம் வரும் என்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகள் மல்லிகா லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து, வீட்டை விடமாட்டேன் என்று போராடுகிறாள். வீடியோக்களில் சொன்னபடி 30, 68, 100 ஆகிய பக்கங்களில் பெரிய சம்பவங்கள் வைத்தேன். சென்னையில் இரண்டு இடத்தில் கதை சொன்னேன். இரண்டு இடத்திலும் ஒரே பேச்சுதான்: "செகண்ட் ஹாஃப் இழுக்குது தம்பி." கதையை மூன்று அங்கமாகப் பிரிக்கிற த்ரீ ஆக்ட் என்பதே வெளிநாட்டுக்காரன் கணக்கு, நம் கதைக்கு ஒத்துவராது என்கிறான் என் நண்பன். தோட்டத்து வாழ்க்கை மூன்று துண்டாகவா நடக்கிறது? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மனம் போல எழுதட்டுமா? ஸ்கிரிப்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தோடு ஸ்கிரிப்டையும் அனுப்பினீர்களே, அது நல்லதாகப் போயிற்று. வெறும் கேள்வியாக வந்திருந்தால் நானும் அந்த வீடியோக்காரர்கள் மாதிரி பக்க எண் சொல்லி அனுப்பியிருப்பேன். இங்கே குன்னூரில் நாலு நாளாக விடாத மழை. ஒரே மூச்சில் ஒரு தடவை, பென்சிலோடு ஒரு தடவை என்று இரண்டு முறை படித்தேன்.

உங்களுக்கு எழுத வருகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 11ஆம் பக்கத்தில் கொழுந்து எடை போடும்போது, அம்மா தராசு முள்ளைப் பார்ப்பதில்லை, கணக்கு எழுதுகிறவரின் பேனாவைப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 31 வருடம் எடை போட்டவருக்குத்தான் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். சாலிகிராமத்தில் ரூம் போட்டு ஒரு மாதம் யோசித்தாலும் அந்த வரி கிடைக்காது.

சரி, கேள்விக்கு வருவோம். மூன்று அங்க அமைப்பைத் தூக்கிப் போடலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் இன்னும் அதைக் கையிலேயே எடுக்கவில்லை தம்பி. அதன் பக்க எண்களை மட்டும் எடுத்திருக்கிறீர்கள்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பயம் கொஞ்சம் தெளியும். கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொன்னது 2,300 வருடங்களுக்கு முன்னால். தொடக்கம் என்றால் தனக்கு முன்னால் இன்னொன்று இருந்தே ஆகவேண்டிய கட்டாயம் இல்லாதது. முடிவு என்றால் தனக்குப் பிறகு இன்னொன்று தேவைப்படாதது. நடுவுக்கு முன்னும் வேண்டும், பின்னும் வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது, அங்கம் மூன்று என்று எங்கும் எண்ணிக் கொடுக்கவில்லை. இதைப் பக்கக் கணக்காக்கிப் பரப்பியவர் சிட் ஃபீல்ட் என்ற அமெரிக்கர். 1979இல் வந்த அவருடைய திரைக்கதைப் புத்தகத்தில் 120 பக்க ஸ்கிரிப்டை 30, 60, 30 என்று பிரித்து, முதல் இரண்டு பிரிவும் முடிகிற இடங்களில் கதையைத் திருப்புகிற சம்பவம் ஒவ்வொன்று வேண்டும் என்றார். அந்தக் கணக்கு நிற்பது இன்னொரு கணக்கின் மேல்: அவர்கள் ஊர் டைப் அடிக்கும் முறையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். நீங்களோ நோட்டில், கையால், இடப்பக்கம் காட்சி வலப்பக்கம் வசனம் என்று நம் பழைய வழக்கப்படி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 138 பக்கமும் என் கணக்குக்கு 2 மணி 50 நிமிடம் ஓடும். உங்கள் நோட்டில் 30ஆம் பக்கத்துக்கு ஒரு மகிமையும் கிடையாது.

நண்பருக்கும் ஒரு பதில் இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நாடகத்துக்கு ஐந்து சந்தி, அதாவது கதை வளர்கிற ஐந்து கட்டம், சொல்கிறார். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். ஐந்துக்கும் அவர் காட்டும் உவமை பயிர். உழுத புழுதியில் போட்ட விதை முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். அந்த நாற்று வளர்ந்து உள்ளே கருப்பிடிப்பது கருப்பம். கதிர் முற்றித் தாழ்வது விளைவு. அதை அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவது துய்த்தல். இப்போது முதல் சந்தியைத் தனியாக வையுங்கள், கடைசிச் சந்தியைத் தனியாக வையுங்கள், நடுவில் உள்ள மூன்றையும் ஒன்றாகச் சேருங்கள். வெளிநாட்டுக்காரன் கணக்கு எவ்வளவு தூரம் வெளிநாடு என்று நண்பரே சொல்லட்டும். (ஐந்து சந்தி வடமொழி நாடக நூல்களிலும் உண்டு. யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற பஞ்சாயத்து நமக்கு இப்போது வேண்டாம்.)

ஆனால் அடியார்க்குநல்லார் பயிர் வைத்தார், உங்கள் கதையில் இருப்பது தேயிலை. செகண்ட் ஹாஃப் இழுப்பதற்குக் காரணம் இதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வயல் பயிருக்கு அறுவடை என்று ஒரு நாள் உண்டு. தேயிலைக்குக் கிடையாது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று. மலையின் இந்த மூலையில் ஆரம்பித்து அந்த மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் மூலையில் மறுபடியும் கொழுந்து தயார். அம்மா 31 வருடம் செய்தது அதைத்தான். நீங்கள் பிறந்ததிலிருந்து பார்த்ததும் அதைத்தான். அதனால்தானோ என்னவோ உங்கள் ஸ்கிரிப்டும் சுற்று சுற்றாக நடக்கிறது. மல்லிகா தோட்டத்து ஆபீசுக்குப் போகிறாள், கெஞ்சுகிறாள், பேச்சு வாங்குகிறாள், திரும்பி வருகிறாள். அம்மா அழுகிறார். யூனியன் ஆபீஸ். பக்கத்து வீட்டுப் பேச்சு. மறுபடியும் தோட்டத்து ஆபீஸ். எண்ணிப் பார்த்தேன், ஐந்து தடவை அந்த ஆபீஸ் படியேறுகிறாள். ஐந்தாவது தடவை இறங்கும்போதும் முதல் தடவை இறங்கிய அதே மல்லிகாதான்.

நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பாதியாக வெட்டி, ஒரு சீனுக்கு ஓர் அட்டை. முன்பக்கம் சீனின் பெயர். பின்பக்கம் ஒரே ஒரு வரி: இந்த சீன் முடிந்த பிறகு இந்த ஆளால் எதைச் செய்ய முடியாமல் போகிறது? உங்கள் 84 சீனுக்கும் அட்டை போட்டுக் கூடத்தில் பரப்பினேன். இடைவேளைக்குப் பிறகு 39 அட்டை. அதில் 26 அட்டையின் பின்பக்கம் காலி. அந்த 26 சீனும் மோசமில்லை, சிலது ரொம்பவே அழகு. ஆனால் சீட்டுக்கட்டு மாதிரி அவற்றைக் கலைத்துப் போட்டுவிட்டு மறுபடி படித்தேன். கதை அப்படியே இருந்தது! வரிசை மாறினாலும் ஒன்றும் ஆகவில்லை என்றால், பார்க்கிறவனுக்கு "இது ஏற்கெனவே நடந்துவிட்டதே" என்றுதான் தோன்றும். அவன் வாயில் அது "இழுக்குது" என்று வருகிறது.

தேயிலைக்குச் சுற்றைத் தவிர இன்னொன்றும் உண்டு, நீங்கள் என்னைவிட நன்றாக அறிந்தது. கவாத்து. நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். பச்சைப் பசேல் என்று இருந்த மலை ஒரே நாளில் குச்சிக் காடாகிவிடும். அப்புறம் மூன்று மாதம்போல அங்கே கொழுந்து என்ற பேச்சே இல்லை. வெட்டியதை மறுபடி ஒட்டவைக்கவும் முடியாது. வரப்போவது வேறு கிளை, வேறு தளிர். அங்கம் பிரிகிற இடம் என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு படத்துக்கு இரண்டு கவாத்து போதும்.

நீங்கள் கவாத்து வைக்க வேண்டிய இடங்களில் என்ன வைத்திருக்கிறீர்கள்? 30ஆம் பக்கத்தில் யானை வந்து சமையலறைச் சுவரை இடிக்கிறது. 68இல் மண்சரிவு. 100இல் அம்மாவுக்கு நெஞ்சுவலி. மூன்றும் பெரிய சம்பவங்கள்தான். யானை சீன் பிரமாதம், அரிசி மூட்டையை மகளும் அம்மாவும் இருட்டில் கட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குவதெல்லாம் நான் பார்த்தே விட்டேன். ஆனால் இவை மூன்றும் மழை மாதிரி, பனி மாதிரி. செடிக்கு மேல் வந்து விழுகிறவை. கவாத்துக்கு யாராவது கத்தியைக் கையில் எடுக்க வேண்டும். யானை போன மறுநாள் காலையில் மல்லிகா சுவரைப் பூசுகிறாள், அப்புறம் வழக்கம்போல ஆபீசுக்குப் போகிறாள். சுவர்தான் உடைந்தது.

இதை நான் செலவழித்துக் கற்றுக்கொண்டேன். செலவு தயாரிப்பாளருடையது. நான் எழுதிய முதல் படத்தின் இன்டர்வெல் பிளாக்கில் மலைப்பாதையில் ஒரு பஸ்ஸைக் கவிழ்த்தோம். எட்டு நாள் ஷூட்டிங். முதல் காட்சியில் தியேட்டரே கைதட்டியது, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து உருகிப்போனேன். இடைவேளை முடிந்து இருபது நிமிடம் ஆகியிருக்காது, இருட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக செல்போன் வெளிச்சம். பதினேழு வரை எண்ணினேன். நாயகன் ஆஸ்பத்திரியில் கண் விழித்து, கட்டைப் பிரித்து, விபத்துக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தானோ அதையே மறுபடி செய்ய ஆரம்பித்துவிட்டான். பஸ்தான் கவிழ்ந்தது, கதை கவிழவில்லை.

இனி உங்கள் கதையையே எடுத்துக்கொண்டு பேசலாம்.

முதல் கவாத்துக்கான இடம் உங்கள் ஸ்கிரிப்டில் ஏற்கெனவே இருக்கிறது, 24ஆம் பக்கத்தில். தோட்டத்து ஆபீஸ். கிளார்க் கால்குலேட்டரில் கணக்குப் போடுகிறார். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, மறுபடி 31ஆல் பெருக்கி, வந்த தொகையைத் துண்டுத் தாளில் எழுதித் திருப்பி வைக்கிறார். "சாவியை வெச்சிட்டு இதுல கையெழுத்துப் போடும்மா." அம்மா கையெழுத்துப் போடாமல் அழுகிறார். மல்லிகா வெளியே வராந்தாவில் நிற்கிறாள். காட்சி முடிந்துவிடுகிறது, அவள் வராந்தாவில் நின்றபடியே.

அவளை உள்ளே கொண்டு வாருங்கள். மேஜை மேல் சாவி, பக்கத்தில் தாள், தாளில் தொகை. அம்மா பேனாவை வாங்கிவிட்டார். 11ஆம் பக்கத்தில் பார்த்தாரே, அதே மாதிரிப் பேனா, இப்போது அவர் கையிலேயே. மல்லிகா சாவியை எடுக்கிறாள். அம்மாவின் சேலைத் தலைப்பை இழுத்து, அதில் முடிந்துவிடுகிறாள். "நாங்க வர்றோம் சார்." அவ்வளவுதான் வசனம். வெளியே மழை பெய்கிறதா இல்லையா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம்.

என்ன ஆயிற்று பாருங்கள். பணம் போயிற்று. திருப்பூர் லீவு முடிகிறது, வேலையும் போகும். இனி அவள் இந்த வீட்டுக்கு விருந்தாளி கிடையாது, சண்டைக்காரி. நேற்று வரை அவளுக்குத் திரும்பிப் போக வழி இருந்தது, இன்றைக்கு இல்லை. அதை மூடியது அவள் கைதான். முதல் அங்கம் இங்கே முடிகிறது. யானை இதற்குப் பிறகு வரட்டும். அப்போதுதான் அந்த இடிந்த சுவருக்கு விலை ஏறும், ஏனென்றால் பூசிக் கொடுக்கத் தோட்டம் ஆள் அனுப்பாது.

அடுத்து இடைவேளை. வீடியோக்காரர்கள் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள், அவர்கள் ஊர்ப் படங்களில் இடைவேளை கிடையாது. நாம் படத்தை இரண்டாக உடைத்துத்தான் காட்டுகிறோம். மூன்று அங்கத்தை இரண்டு பாதிக்குள் எப்படி வைப்பது? 140 நிமிடப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 35 நிமிடத்துக்குள் முதல் அங்கம் முடிந்துவிட வேண்டும். 110ஆவது நிமிடம் வரை இரண்டாம் அங்கம். இடைவேளை வருவது 70இல், அதாவது இரண்டாம் அங்கத்தின் நட்டநடுவில். நம்மில் நிறையப் பேர் இன்டர்வெல்லில்தான் சண்டையையே ஆரம்பிக்கிறோம். அதுவரை பாட்டு, கேலி, அறிமுகம். முதல் அங்கத்தை 70 நிமிடத்துக்கு இழுத்துவிட்டு, மிச்ச இரண்டு அங்கத்தையும் பின்பாதியில் திணிப்பது. "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஜாலியா போச்சு, செகண்ட் ஹாஃப்தான்..." என்று வெளியே வருகிறவர்கள் சொல்வதில் பாதி இதனால். உங்கள் சிக்கல் இதற்கு நேர் எதிர். சண்டை முன்னாலேயே தொடங்கிவிட்டது, ஆனால் இடைவேளைக்குப் பிறகும் அதே சண்டைதான்.

இடைவேளையில் சம்பவம் பெரிதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதுவரை படம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அங்கே மாற வேண்டும். வீடு கிடைக்குமா கிடைக்காதா என்று 70 நிமிடம் கேட்டாயிற்று. அதையே இன்னும் 70 நிமிடம் எப்படிக் கேட்பது?

மாற்றுக் கேள்வியும் உங்களிடமே இருக்கிறது, நீங்கள்தான் எழுதிவிட்டு மறந்துவிட்டீர்கள். 19ஆம் பக்கத்தில் ஒரு பெண் வருகிறாள். இடுப்பில் கைக்குழந்தை, தலையெல்லாம் நனைந்து, "அக்கா, கொஞ்சம் உப்புக் குடுங்க" என்கிறாள். அவர்கள் இருக்கும் லைனில் கூரை ஒழுகுகிறது, ஒரே வீட்டுக்குள் இரண்டு குடும்பம், வீடு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா மல்லிகாவிடம் சொல்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைக் காணோம். யாருக்காகத் தோட்டம் இந்த வீட்டைக் காலி செய்யச் சொல்கிறது என்று நீங்கள் யோசித்தீர்களா? காலியாகிற வீடு யாருக்கோ போகத்தானே செய்யும்?

மண்சரிவை வைத்துக்கொள்ளுங்கள், நல்ல சீன். கீழ் லைனின் பின்சுவர் சரிகிறது. உறுதியாக இருப்பது இவர்கள் வீடுதான் என்று நாலைந்து குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக இங்கே வந்து ஒண்டுகிறது. மண்ணெண்ணெய் விளக்கு. ஈரத் துணி வாடை. எல்லோரும் சுருண்டு படுத்தாயிற்று. அந்தப் பெண் மட்டும் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே மேலே பார்க்கிறாள். உத்திரத்தை. தூளி கட்ட எந்த இடம் தோதாக இருக்கும் என்று கண்ணால் அளக்கிறாள். அங்கே ஏற்கெனவே ஒரு கொக்கி இருக்கிறது, மல்லிகாவைப் போட்ட தூளி தொங்கிய கொக்கி. மல்லிகா அவள் பார்ப்பதைப் பார்க்கிறாள். விளக்கு. இடைவேளை.

வசனம் ஒன்றும் வேண்டாம், தயவுசெய்து. அந்தப் பெண்ணை "இந்த வீடு எங்களுக்குத்தான் அலாட் ஆகியிருக்கு" என்று சொல்லவைத்தீர்களானால் நான் வருத்தப்படுவேன்.

இப்போது பின்பாதி தானாக நகரும். எதிரி மேனேஜர் என்றால் அவரை வெறுத்துவிட்டுப் போகலாம். மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவளை என்ன செய்வது? மல்லிகா ஆபீசுக்குப் போனால் அது இனி அந்தக் குழந்தைக்கு எதிராக ஒரு நடை. போகாமல் இருந்தால் அம்மாவுக்கு எதிராக. எந்தப் பக்கம் காலை வைத்தாலும் எதையோ மிதிக்க வேண்டும். காலியாகக் கிடந்த அந்த 26 அட்டையில் பாதிக்கு இப்போது பின்பக்கத்தில் எழுத வரி கிடைக்கும், எழுதிப் பாருங்கள். கிடைக்காத மீதியை வெட்டிவிடுங்கள். யூனியன் ஆபீஸ் சீன் மூன்றும் அதில் போகும், அதற்காக அழ வேண்டாம்.

இரண்டாவது கவாத்து. இது முதலாவதைவிட ஆழமாக வெட்ட வேண்டும். இந்தக் கட்டத்தில் நாயகிக்கு எல்லாம் போய்விட வேண்டும் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். அதைப் படித்துவிட்டுத்தான் அம்மாவுக்கு நெஞ்சுவலி வரவழைத்தீர்கள் என்று தெரிகிறது. நம் சினிமாவில் எத்தனை அம்மாக்கள் இரண்டாம் அங்கத்தின் முடிவில் நெஞ்சைப் பிடித்திருக்கிறார்கள்! உங்கள் அம்மா அந்த ரகம் இல்லை. பேனாவைப் பார்க்கிறவர். மல்லிகா வக்கீலைப் பார்க்கக் கூடலூர் போயிருக்கும் நாளில், அவர் சேலைத் தலைப்பை அவிழ்க்கட்டும். சாவியைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். ஆபீஸ் மேஜையிலா, அந்தப் பெண்ணின் கையிலா? என்னைக் கேட்டால் கையில். மகள் பஸ்ஸில் திரும்பி வரும்போது வீட்டு வாசலில் வேறு குடும்பத்தின் பாத்திரங்கள்.

மல்லிகாவைத் தோற்கடித்தது தோட்டமும் இல்லை, மழையும் இல்லை. யாருக்காகச் சண்டை போட்டாளோ அவரே. அதுவும் அவர் செய்தது சரி என்று படம் பார்க்கிறவனுக்குத் தோன்ற வேண்டும், அப்போதுதான் வலிக்கும்.

மூன்றாம் அங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சின்னதாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர. இருபது, முப்பது நிமிடம். புது ஆள் யாரும் உள்ளே வரக்கூடாது. ஆனால் உங்கள் 126ஆம் பக்கத்தில் கலெக்டர் ஜீப்பில் வந்து இறங்கி, விவரத்தைக் கேட்டு, அம்மாவுக்குப் பட்டா கொடுத்துவிட்டுப் போகிறார். ரொம்ப நல்ல மனிதர். ஆனால் 125 பக்கம் வரை எங்கே இருந்தார்? கிரேக்க நாடகங்களில் சிக்கல் முற்றிவிட்டால் பாரம் தூக்கியில் கட்டி ஒரு தெய்வத்தை மேடையில் இறக்குவார்கள். முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும், அந்தப் பாரம் தூக்கியிலிருந்து இறங்கக்கூடாது என்று அரிஸ்டாட்டில் அப்போதே சலித்துக்கொண்டார். ஜீப்பும் பாரம் தூக்கிதான். அவரை ஊட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அவர் போனதும் என்ன மிஞ்சுகிறது தெரியுமா? உங்கள் கடைசி மூன்று பக்கம். கூடலூரில் வாடகை வீடு. அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, வெந்நீர் வைத்து, இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொண்டு, கதவைத் திறக்கிறார். வெளியே தெரு. எதிர்வீட்டு ஷட்டர். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, விரிப்பை அவிழ்க்காமலே வாசற்படியில் உட்காருகிறார். மல்லிகா உள்ளேயிருந்து பார்க்கிறாள். இதை எழுதத் தெரிந்தவருக்கு மூன்றாம் அங்கம் பற்றி நான் என்ன பாடம் எடுப்பது? இப்போதுள்ள ஸ்கிரிப்டில் பட்டா கிடைத்த பிறகும் அவர் ஏன் கூடலூருக்குப் போனார் என்பது எனக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரிந்திருக்காது. கை ஒரு முடிவை எழுதியிருக்கிறது, வீடியோ இன்னொரு முடிவைக் கேட்டிருக்கிறது.

வாழ்க்கை மூன்று துண்டாகவா நடக்கிறது என்று கேட்டீர்களே. நடக்கவில்லைதான். தோட்டத்து வாழ்க்கை சுற்றாகத்தான் நடக்கிறது, அதை அப்படியே காட்டுகிற படங்களும் எடுக்கலாம். ஒரு மழைக்காலம் முழுக்க நாலு பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள், அவ்வளவுதான் படம், அங்கமாவது மண்ணாவது. யாராவது எடுத்தால் முதல் ஆளாக நான் போய்ப் பார்ப்பேன். ஆனால் நீங்கள் முதல் பத்து நிமிடத்திலேயே "மூன்று மாதத்துக்குள் காலி செய்" என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டீர்கள். பார்க்கிறவன் அப்போதே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டான். கெடு வைத்துவிட்டுச் சும்மா சுற்றிக்காட்டினால் அவன் வாட்சைத்தான் பார்ப்பான்.

அடுத்த வடிவத்தை முழுதாக எழுத உட்கார வேண்டாம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து 138 பக்கத்தை மறுபடி எழுதுவது சாமானிய வேலையா? அட்டைகளை மட்டும் போடுங்கள். சேலையில் சாவியை முடிவதிலிருந்து அதை அவிழ்ப்பது வரை என்னென்ன நடக்கிறது என்று முன்பக்கம், பின்பக்கம் எழுதி அனுப்புங்கள், போதும். அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. ஸ்கிரிப்டில் ஆபீஸ் பியூனுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. உப்புக் கேட்டு வந்தவளை மட்டும் "பக்கத்து லைன் பெண்" என்று போட்டிருக்கிறீர்கள். அவளுக்கு முதலில் ஒரு பெயர் வையுங்கள்.